தீப்பெட்டியை அவர்களே வாங்கட்டும்

திண்ணைக் கடிதம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எங்கள் அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வெயில் காலத்தில் சமவெளியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறிவரும் வெளிநாட்டு மிஷனரிகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர். அப்படிப்பட்ட ஆசிரியரை அவர்கள் ‘முன்ஷி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவுக்குப் பிறகு, பள்ளிக்கூட வேலை போக மிஞ்சிய நேரத்தில் நானும் 26 வருஷம் அதைச் செய்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்குத்தான்.

எங்கள் மாடி வீட்டுக்கு ஜூன் மாதம் ஓர் அமெரிக்கத் தம்பதி குடிவந்தார்கள். அவருக்கு 71, அந்த அம்மாவுக்கு 69 வயது. ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கு விவசாயம் செய்தவர்கள். நிலத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, சபை ஊழியமாக 18 மாதம் இருக்க வந்திருக்கிறார்கள். மூன்று வேளையும் நான்தான் சாப்பாடு அனுப்புகிறேன். காய்கறி, பால் என் மகன் வாங்கித் தருகிறான். கரண்ட் பில், கேஸ் எல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். அப்படி இருந்தும் அந்த அம்மா இப்போது வெளியே வருவதே இல்லை. சாயங்காலமானால் அழுகிற சத்தம் கேட்கிறது. நாங்கள் எதில் குறை வைத்தோம்?
— வாசகி, நாயுடுபுரம், கொடைக்கானல்

அம்மா, நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. இவ்வளவு மனசோடு பார்த்துக்கொள்ளும் வீடு கிடைக்க அவர்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை நீங்களே படித்துப் பாருங்கள். அந்த அம்மா தன் கையால் செய்ததாக அதில் ஒரு வேலைகூட இல்லை. 69 வயது வரை ஒரு பண்ணை வீட்டையே நடத்தியவர். விதைப்புக்கும் அறுவடைக்கும் எத்தனை பேருக்குச் சமைத்திருப்பார், எத்தனை கணக்குப் பார்த்திருப்பார்! இங்கே வந்து மூன்று மாதமாக, யாரோ கதவைத் தட்டிச் சோறு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவராக இருக்கிறார். விருந்தாளியாக ஒரு வாரம் இருந்தால் சுகம்தான். மூன்று மாதம் இருந்தால் அது வேறு.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 1994ல் செண்பகனூரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் இங்கிலாந்துத் தம்பதி இருந்தார்கள். அவருக்கு 66, அந்த அம்மாவுக்கு 64. தெருவே சேர்ந்து அவர்களைத் தாங்கினோம். நான்தான் அதில் முதல் ஆள். தண்ணீர் காய்ச்சி ஆறவைத்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுப்புப் பற்றவைக்கக்கூட ஆள் போட்டோம். இரண்டு வருஷம் இருக்க வந்தவர்கள் ஐந்தாம் மாதம் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊரில் ஒரு தீப்பெட்டிகூட நான் போய் வாங்கவில்லையே என்றார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். இன்றைக்கும் தீப்பெட்டி வாங்கும்போதெல்லாம் எனக்கு அந்த முகம் ஞாபகம் வரும்.

அழுகை சாயங்காலம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மூன்று காரணம் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் இருட்டு. ஐடஹோ பூமத்திய ரேகையிலிருந்து நல்ல வடக்கே இருக்கிறது. ஜூன் மாதம் அங்கே ராத்திரி 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்தில் வேலை பார்ப்பார்கள். அந்த வெளிச்சத்திலிருந்து கிளம்பி வந்த மனுஷிக்கு இங்கே ஆறரை, ஆறே முக்காலுக்கெல்லாம் சட்டென்று இருட்டிவிடுகிறது. மழையும் மூடுபனியுமாக இருந்தால் ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டும். நமக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கம். அவருக்கோ தினமும் கோடை நடுவில் யாரோ விளக்கை அணைப்பது மாதிரி இருக்கும்.

இரண்டாவது, நேரம். ஐடஹோவின் பெரும்பகுதி இப்போது நம்மைவிட பதினொன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் பன்னிரண்டரை ஆகிவிடும். இங்கே சாயங்காலம் 6 மணிக்கு மனசு கனத்துப்போய்ப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டால் அங்கே காலை ஆறரை. எல்லோரும் பள்ளிக்கும் வேலைக்கும் ஓடிக்கொண்டிருப்பார்கள், ‘அப்புறம் பேசுகிறேன்’ என்பார்கள். அந்த அப்புறம் வரும்போது இங்கே நள்ளிரவு. அதனால் காலை ஆறரைக்குப் பேசச் சொல்லுங்கள். அங்கே அது முந்தின நாள் ராத்திரி 7 மணி, எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருப்பார்கள். இந்த ஒரு மாற்றம் எத்தனையோ பேருக்கு உதவியதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது குளிர். பனி கொட்டும் ஊரில் பிறந்தவர்களுக்குக் கொடைக்கானல் குளிர் எம்மாத்திரம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அங்கே வெளியே தண்ணீர் உறைந்து கிடந்தாலும் வீடு முழுக்கச் சூடாக இருக்கும். வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு நடப்பார்கள். இங்கே உள்ளும் வெளியும் ஒரே குளிர். துணி காய்வதில்லை, மெத்தை சில்லென்று ஈரம் ஏறிக் கிடக்கிறது. 70 வயதில் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது ராத்திரியில்தான் தெரியும். ஒரு வெந்நீர்ப் பை, கம்பளிக் காலுறை, பகலில் வெயில் அடித்த உடனே மெத்தையைத் தூக்கிக் காயப்போட ஓர் இடம், இவ்வளவு போதும். மெத்தையைத் தூக்க மட்டும் உங்கள் மகன் உதவட்டும், அது அவர்களால் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊரே மிஷனரிகள் ‘பழகிக்கொள்ளாமல்’ இருப்பதற்காகக் கட்டிய ஊர். அமெரிக்க மதுரை மிஷன் 1834ல் மதுரையில் வேலை தொடங்கியது. காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களையும் குழந்தைகளையும் பறிகொடுத்த பிறகு, 1845ல் மலையேறி சன்னிசைட், ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பிறகு அவர்கள் ஊர்ப் பழமரம், அவர்கள் ஊர்க் கணப்பு, 1901ல் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக வந்தது. சமவெளியில் பத்து மாதம் தமிழ்நாட்டில் வாழ்ந்துவிட்டு இரண்டு மாதம் தங்கள் ஊரில் இருப்பது மாதிரி இருக்கத்தான் இங்கே வந்தார்கள். அதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, பிள்ளையைப் புதைத்தவர்களுக்கு அந்த இரண்டு மாதம் வேண்டியிருந்தது. ஆனால் நேரே இந்த மலைக்கு வந்து இறங்குகிறவர்களை இந்த ஊர் ஏமாற்றிவிடும். பேரிக்காய் மரம், பைன் மரம், கல் வீடு, ஏரி என்று பார்க்க நம் ஊர் மாதிரிதானே இருக்கிறது, சீக்கிரம் பழகிவிடும் என்று நினைப்பார்கள். ஒரு மாதம் கழித்து எதுவுமே பிடிபடவில்லை என்றால், குறை தங்களிடம்தான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். மதுரையில் இறங்கியிருந்தால் வெயிலின் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? சாப்பாட்டு கேரியரை ஒரே நாளில் நிறுத்தினால் கோபம் என்று நினைப்பார்கள். காலை டிபனை மட்டும் முதலில் நிறுத்துங்கள். முட்டை, ரொட்டி, ஓட்ஸ் அவர்களே செய்துகொள்வார்கள். அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டை உங்கள் அடுப்படியில் சேர்ந்து செய்யுங்கள். குக்கரைக் கண்டு பயப்படுவார், பக்கத்தில் நின்று காட்டுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவர் ஒரு தடவை முயன்று, வேகாமல் போய், தனக்கு இந்த ஊர்ச் சமையல் வராது என்று விட்டிருக்கவும் கூடும். ‘மூன்று விசில்’ என்பது ஓர் அளவு என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர்கள் ஊர்ச் சமையல் குறிப்பில் விசில் கிடையாது.

அப்புறம் கடை. என்னிடம் படித்த வயதானவர்களுக்கு நான் வைத்த ஒரே வீட்டுப்பாடம், தினமும் ஒரே ஒரு பொருளைத் தனியாகப் போய் வாங்கி வர வேண்டும். தக்காளியோ கறிவேப்பிலையோ எதுவாக இருந்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அழைத்துப்போகலாம் என்று தோன்றும். ஆனால் ஞாயிறன்று வாங்குவதும் விற்பதும் கூடாது என்று வைத்திருக்கும் சபைகள் உண்டு, கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். இல்லாவிட்டால் வார நாளில் மூஞ்சிக்கல் கடைகளே போதும். கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டாம், மெதுவாகத் தமிழில் சொல்லுங்கள் என்று.

எண்களை முதலில் சொல்லிக்கொடுங்கள். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் அவர்களைப் பாடாய்ப் படுத்தும். 8 எட்டு, 80 எண்பது. 9 ஒன்பது என்றால் 90க்கு என்ன என்று அவர்கள் கணக்குப் போட்டு வருவது நம்மிடம் இல்லை. கால், அரை, முக்கால் மூன்றும் தெரிந்தால் காய்கறி வாங்கிவிடலாம். வீட்டில் இருந்தவரை பவுண்டு கணக்கு அவர்களுக்கு, ஒரு பவுண்டு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ‘போயிட்டு வரேன்’ என்றால் விடைபெறுவது என்பதையும் சொல்லிவிடுங்கள். திரும்பி வருவார்கள் என்று டீ போட்டு வைத்துக் காத்திருந்த அம்மாவை எனக்குத் தெரியும்.

கடைசியாக, அவர்களிடம் ஏதாவது கேளுங்கள். இதுதான் முக்கியம். அந்தப் பெரியவர் ஆயுள் முழுக்க உருளைக்கிழங்கு பயிரிட்டவர் என்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் தெரிந்த விவசாயி ஒருவராவது இருப்பார். ஒரு நாள் அழைத்துப் போங்கள். படிக்கட்டு வயலையும் பூண்டையும் கிழங்கையும் பார்த்து அவர் மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்ப்பார். அதற்கு மேல் மொழி அதிகம் வேண்டியிருக்காது. அந்த அம்மாவிடம் உங்கள் மகளுக்குத் தையலோ கம்பளி பின்னலோ ஆங்கிலமோ கேளுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பத்து நிமிஷம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொடுக்க மட்டுமே தெரிந்த வீட்டில் வாங்குகிறவர்களுக்கு மூச்சு முட்டும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பசி குறைந்து, தூக்கம் போய், பகலிலும் படுத்தே இருந்தால் அது ஏக்கம் மட்டும் இல்லை. தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அவர்கள் சபைக்கும் தகவல் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் இருக்கும் வெளிநாட்டுப் பெரியவர் தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்கிறார். அவருக்கு என் அப்பா வயது. நாக்கு வரவில்லை.
— வாசகர், பண்ணைக்காடு

வர வேண்டாம். அவர் ஊரில் பெயர் சொல்வது நெருக்கம், நம் ஊரில் முறை சொல்வதுதான் நெருக்கம். இதை அவரிடமே சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ஐயா, அம்மா எதற்கும் பொருந்தும். தாத்தா, பாட்டி என்று குழந்தைகள் கூப்பிட்டால் பலர் உருகிவிடுவார்கள், சிலருக்கு வயதைச் சுட்டுவது போல இருக்கும். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் துரை, துரைசாணி என்றார்கள், அது பயத்தில் வந்த பெயர். அதே காலத்தில் தமிழ் கற்று நம்மோடு இருந்த பாதிரிமாரை ஜனங்கள் ‘ஐயர்’ என்றார்கள். ஊட்டியில் பள்ளி நடத்திய ஜி.யு. போப்பை இன்னும் போப்பையர் என்கிறோம். 1886ல் திருக்குறளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர், 1900ல் தன் 80ஆம் வயதில் திருவாசகத்தையும் கொண்டுவந்தார். அந்த ‘ஐயர்’ அவர் கேட்டு வாங்கியது இல்லை.

ஊட்டியில் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். வயதான வெளிநாட்டவர் ஒருவர் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டார். எங்களிடம் இல்லை என்றேன். கோபமாகப் போய்விட்டார். பிறகுதான் அது சாதாரண மாத்திரை என்று தெரிந்தது.
— வாசகர், உதகை

தம்பி, அது கோபம் இல்லை, பயம். தினமும் நாலு மாத்திரை போடும் வயதில் மருந்து கிடைக்காது என்று கேட்டால் யாருக்கும் முகம் மாறும். அமெரிக்காவில் டைலனால் என்றும் அசிட்டமினோஃபென் என்றும் சொல்வது நம் பாராசிட்டமால்தான். மூச்சுத் திணறலுக்கு அவர்கள் ஆல்பியூட்டரால் என்று கேட்டால் நம் சால்பியூட்டமால். பிராண்ட் பெயரைக் கேட்காமல் பழைய அட்டையையோ சீட்டையோ கொண்டுவரச் சொல்லுங்கள், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் மாற்றிக் கொடுக்காதீர்கள். தேதியிலும் கவனம் வேண்டும். அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 03/04 என்றால் அவருக்கு மார்ச் 4, உங்களுக்கு ஏப்ரல் 3. ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லும்போது மாதத்தை எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

வெளிநாட்டுத் தம்பதிக்கு வீடு வாடகைக்கு விடலாமா? பின்னால் தொந்தரவு வருமா?
— வாசகர், குன்னூர்

தாராளமாக விடலாம். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். இது லாட்ஜுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், வீட்டுக்கும் உண்டு. பாஸ்போர்ட், விசா நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மிஷனரி வேலைக்குத் தனி விசா உண்டு. சுற்றுலா விசாவில் வந்து ஊழியம் செய்யக்கூடாது. இதையெல்லாம் கேட்பதை அவமானமாக நல்லவர்கள் நினைக்க மாட்டார்கள். முதல் நாளே கேட்டுவிட்டால் மறுநாள் முதல் அக்கம்பக்கமாக இருக்கலாம்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். மதம் மாற்ற வந்தவர்களுக்கு இவ்வளவு கரிசனம் எதற்கு?
— வாசகர், பழனி

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானதுதான், மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. யார் எதை நம்பச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு இருக்கிறது. நான் படிப்பித்தவர்கள் பலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அதனால் ஒருவரும் என்னிடம் பேச்சை நிறுத்தவில்லை. நாம் சொன்ன பிறகும் விடாமல் வற்புறுத்துகிறவர்களுக்குக் கதவைச் சாத்தலாம், அதிலும் தவறில்லை. ஆனால் மாடிப்படியில் வழுக்கி விழும் வயதில் இருக்கும் மனுஷியிடம் முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் கை கொடுப்பேன் என்று நீங்களும் சொல்ல மாட்டீர்கள். கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு நீங்கள் வந்திருப்பீர்கள், அங்கே நின்றால் உங்கள் பழனி மலை தெரியும். 1936ல் அந்தக் கோயிலைக் கட்டியவர் இந்து சமயத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, லீலாவதி ராமநாதன் என்று பெயர் வைத்துக்கொண்டவர். அதே மலையில்தான், வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் ஓய்வுக் காலத்தைக் கழித்து 1960ல் 89 வயதில் கண்ணை மூடினார்.  எனக்கு இரண்டு பேர் மேலும் மரியாதை உண்டு.

எங்கள் அப்பாவுக்கு 66, அம்மாவுக்கு 63. இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். சபை மூலமாகக் கம்போடியாவில் ஒரு சிறுவர் இல்லத்தில் ஒரு வருஷம் ஊழியம் செய்யப் போகிறோம் என்கிறார்கள். கோத்தகிரியைத் தாண்டி நெடுநாள் இருந்ததே இல்லை. அந்த ஊர் மொழிக்கும் பயப்படுகிறார்கள். தடுக்கலாமா?
— வாசகர், கோத்தகிரி

இத்தனை கடிதங்களில் இது ஒன்றுதான் இங்கிருந்து அங்கே போகிறவர்களைப் பற்றியது. அதனாலேயே எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

டாக்டர் தடுத்தால் தடுங்கள். பயம் மட்டும்தான் காரணம் என்றால் தடுக்காதீர்கள். கொல்லிமலையில் ஈவ்லின் பிராண்ட் என்று ஒரு அம்மா இருந்தார். கணவர் 1929ல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். மிஷன் ஓய்வு கொடுத்தபோது 70ஐ நெருங்கியிருந்தார். ஊருக்குப் போய் உட்காராமல் தன் சொந்தப் பொறுப்பில் மலைக்கே திரும்பி, மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974ல் 95 வயதில் இறந்து கணவர் பக்கத்தில் அடக்கமானார். எல்லோருக்கும் அந்த உடம்பு அமையாது. ஆனால் 66 வயது என்பதே ஒரு காரணம் ஆகாது.

கோத்தகிரிக்காரர்களுக்கு முதல் சோதனை வெயில்தான். நீங்கள் இருப்பது 1,800 மீட்டரை ஒட்டி. கம்போடியா பெரும்பாலும் தட்டை நிலம், ஏப்ரலில் 35 டிகிரிக்கு மேல் காயும். முடிந்தால் மழை முடிந்து நவம்பர், டிசம்பர் வாக்கில் போய் இறங்கட்டும், உடம்பு மெதுவாகப் பழகும். ரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து இருந்தால் வெயிலில் அளவு மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். சீட்டில் மருந்தின் பொதுப் பெயர் இருக்கட்டும். மேலே உதகைத் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும்தான்.

இரண்டாவது ரோடு. அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். 60 வருஷமாக ரோட்டைக் கடக்கும்போது முதலில் வலது பக்கம் பார்த்த கழுத்து, அங்கே இடது பக்கம் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், இதைப் போகும் முன்பே பழகச் சொல்லுங்கள். முதல் மாதம் இருவரும் கைகோத்துத்தான் கடக்க வேண்டும்.

சாப்பாட்டில் சோறு உண்டு, புளி உண்டு, மீன் தாராளமாக உண்டு. ‘ப்ராஹோக்’ என்று ஊறவைத்த மீன் விழுது பலவற்றில் சேர்ப்பார்கள். நம் கருவாடு சாப்பிடும் வீடு என்றால் அந்த வாசனை பெரிய விஷயம் இல்லை. துவரம்பருப்பு, உளுந்து, பெருங்காயம் சின்ன ஊரில் எளிதில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பெருங்காயமும் காப்பி ஃபில்டரும் கட்டாயம் பெட்டியில் போகட்டும். பணம் ரியல், ஆனால் டாலரும் கூடவே புழங்கும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல். முதலில் தலை சுற்றும்.

மொழிக்குப் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த நாட்டு மொழியான கெமரின் எழுத்து நம் பல்லவர் கால எழுத்திலிருந்து பிறந்தது. இன்று பார்த்தால் படிக்க வராதுதான், ஆனால் மெய்யைச் சுற்றி உயிர்க்குறி போடும் முறை தமிழ் எழுதத் தெரிந்தவருக்குச் சட்டென்று பிடிபடும். எண்ணில் ஐந்துக்கு ‘ப்ராம்’, ஒன்றுக்கு ‘முய்’. ஆறு என்றால் ‘ப்ராம் முய்’, ஐந்தும் ஒன்றும். நம் தொண்ணூறு தொள்ளாயிரத்தைவிடச் சுலபம். கை கூப்பித்தான் வணங்குவார்கள். அறியாதவரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள்: மூத்தவர் என்றால் ‘போங்’, தாத்தாவுக்கு ‘தா’, பாட்டிக்கு ‘யேய்’. உங்கள் அம்மா இறங்கிய முதல் வாரமே நாலு குழந்தைகளுக்கு யேய் ஆகிவிடுவார். அவர்களுடைய புத்தாண்டும் ஏப்ரல் நடுவில், நம் சித்திரையோடு வரும். அன்று பாயசம் வைத்து அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இல்லத்துக்காரர்களிடம் இப்போதே ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள்: எங்கள் அப்பா அம்மாவுக்கு வேலை கொடுங்கள், அடுப்பும் கடைவழியும் காட்டிவிடுங்கள், அதற்குமேல் கவனித்துக்கொள்ள வேண்டாம் என்று. அவர்களும் உங்களைப் போல, என்னைப் போல, பாசத்தில் தவறு செய்யக்கூடியவர்கள்தான்.

மாடி வீட்டுப் பாட்டி ஒருநாள் எங்களுக்குக் கேக் செய்தார். நன்றாக உப்பி, பிறகு நடுவில் குழிந்துவிட்டது. குப்பையில் போட்டுவிட்டு அழுதார். அம்மாவுக்கு இது தெரியாது. ஏதாவது செய்ய முடியுமா?
— பிளஸ் ஒன் மாணவி, நாயுடுபுரம், கொடைக்கானல்

கண்ணு, உங்கள் அம்மாவின் கடிதத்துக்கு இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பாட்டியின் கையில் தப்பு இல்லை, உயரம்தான் காரணம். அவர்கள் மாநிலத்தின் தலைநகர் பாய்சி 800 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. நம் ஊர் 2,100 மீட்டர். இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் பேக்கிங் பவுடர் விடும் காற்று மாவை வேகமாகத் தூக்கிவிடும். மாவு வெந்து இறுகும் முன்பே உப்பி, தாங்காமல் உட்கார்ந்துவிடும். பேக்கிங் பவுடரில் கால்வாசி குறைக்கச் சொல். பாலைக் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கலாம். ஓவன் சூட்டை அவர் குறிப்பில் இருப்பதைவிட 10 டிகிரி செல்சியஸ் கூட்டி வைக்க வேண்டும். அவர் குறிப்பு ஃபாரன்ஹீட்டில் இருக்கும், 350 என்றால் நம் கணக்கில் 177. இதை மாற்றிப் போட மறந்திருந்தாலும் கேக் கெடும், அதையும் கேள். கரண்ட் அடிக்கடி போகும் நாளில் வைக்க வேண்டாம்.

நீ மேலே போய்ப் பக்கத்தில் நில். அளந்து கொடுக்காதே, படித்து மட்டும் சொல். வெந்ததும் உங்கள் அம்மாவைக் கூப்பிடப் போகாதே. தட்டை எடுத்துக்கொண்டு பாட்டியே படியிறங்கி வந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டட்டும்.